600க்கு 289: இந்த மதிப்பெண்ணோடு சென்னையில் எங்கே சேரலாம்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பி பிளஸ் டூவில் 289 எடுத்திருக்கிறான். தமிழ் 62, ஆங்கிலம் 41, இயற்பியல் 44, வேதியியல் 43, கணிதம் 38, கணினி அறிவியல் 61. எட்டாவது வரை தெருவிலேயே இருந்த மெட்ரிக் பள்ளி, ஒன்பதிலிருந்து மாநகராட்சிப் பள்ளி. அப்பா இறந்துவிட்டார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், மாதம் எட்டாயிரம் வருகிறது. தம்பி பதினொன்றாவதிலிருந்து சாயங்காலம் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தான். சமூகம் எம்.பி.சி. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை; கேட்டவரும் பத்தாவதோடு நின்றுவிட்டார். "இந்த மார்க்குக்கு எந்தக் கல்லூரியிலாவது சேர்த்துக்கொள்வார்களா, இல்லை பணம் கட்டித்தான் சீட் வாங்க வேண்டுமா" என்பது கேள்வி.

சேர்த்துக்கொள்வார்கள். பணம் கட்டி சீட் வாங்கத் தேவையில்லை. ஆனால் ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆறேழு வாரம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குறைந்த மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளைகள் இடத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல. கலந்தாய்வுத் தேதி தெரியாமல் போகும், சான்றிதழ் கைக்கு வராது, இல்லையென்றால் பயத்தில் முதல் வாரமே ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிடுவார்கள்.

முதலில் 289 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். பெரும்பாலான சேர்க்கைகளில் அந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் தம்பிக்கு உண்மையில் மூன்று எண்கள் இருக்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கின் கூட்டுத்தொகையை எடுப்பார்கள்: 44, 43, 38, 61 சேர்ந்து 400க்கு 186. பி.ஏ. தமிழுக்குத் தனித் தரவரிசை உண்டு. அதில் தமிழ் மதிப்பெண் மட்டும்தான் கணக்கு, எனவே அங்கே அவன் 100க்கு 62. மூன்றாவது பொறியியல் கட் ஆஃப். கணிதத்தை முழுதாகவும் இயற்பியல், வேதியியலைப் பாதியாகவும் கூட்டினால் 38, 22, 21.5 என்று 200க்கு 81.5 வருகிறது. இந்த மூன்றில் 62தான் மற்ற மாணவர்களோடு போட்டியிட வலுவான எண். ரிசல்ட் தாளைப் பார்த்து அழுகிற வீடுகளில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. ரிசல்ட்டை ஒட்டியே திறந்துவிடும், மூன்று வாரம்போல இருக்கும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை போடலாம். இன்னும் கல்லூரிகள் வேண்டுமென்றால் இன்னொரு ஐம்பது ரூபாய். இந்த ஐம்பதைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். கணினி அறிவியல், பி.காம். இரண்டை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், கட் ஆஃப் ஏறுவதும் அங்கேதான். 186க்கு அந்த இரண்டும் கடினம். தமிழ், வரலாறு, பொருளியல், இயற்பியல், வேதியியல், புள்ளியியல் என்று அகலமாகப் போட்டால் பட்டியல்களின் எண்ணிக்கை கூடும். ஏதோ ஒன்றில் பெயர் மேலே வரும்.

வட சென்னையிலிருந்து போய்வர வசதி வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி. கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி, தெற்கே நந்தனம் அரசு ஆடவர் கல்லூரி. (இதைப் படிப்பவர் தங்கைக்காகப் பார்க்கிறார் என்றால் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத், மெரினா எதிரே ராணி மேரி.) மாநிலக் கல்லூரியின் பெயருக்காக அதை முதலில் போடுவதில் தப்பில்லை. ஆனால் பட்டியலின் அடியில் புறநகர்க் கல்லூரி ஒன்றும் இருக்கட்டும். இளநிலைப் படிப்புக்கு அரசுக் கல்லூரியில் டியூஷன் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசுக் கல்லூரி மாணவருக்கு மாநகரப் பேருந்தில் இலவச பாஸ் உண்டு.

விண்ணப்பம் ஒரே தளத்தில்தான். ஆனால் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனி. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் பட்டியல் ஒட்டி, இந்தப் பாடத்துக்கு இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்தத் தேதி காலை வர வேண்டும் என்று போடும். மெசேஜ் வரும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது கடைக்காரர் தன் மின்னஞ்சலையோ தன் செல் நம்பரையோ போட்டுவிடுவது சர்வசாதாரணம். அப்படிப் போட்டால் அழைப்பு கடைக்காரருக்குத்தான் போகும். தம்பி பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, வீட்டில் எப்போதும் ரீசார்ஜில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள், கடவுச்சொல்லை நோட்டில் எழுதிவையுங்கள். அழைத்த நாளில் போகாவிட்டால் அந்த இடம் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். யாரும் போன் செய்து கூப்பிட மாட்டார்கள்.

முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் சுற்றில் சேர்ந்தவர்களில் கணிசமானவர்கள் பொறியியல், நர்சிங், சட்டம் என்று கலந்தாய்வு தொடங்கத் தொடங்க டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த இடங்கள் இரண்டாம், மூன்றாம் சுற்றில் திறக்கும். அதற்கு மேல், சில ஆண்டுகளாக அரசு தன் கல்லூரிகளில் 20 சதவீதம் வரை கூடுதல் இடத்துக்கு அனுமதி தந்துவருகிறது. அந்த அறிவிப்பு முதல் சுற்றுகள் முடிந்த பிறகுதான் வரும். 186 போன்ற மதிப்பெண்ணுக்கு வழி பிறப்பது அநேகமாக அந்த வாரங்களில்தான். விண்ணப்பித்திருக்கும் கல்லூரிகளுக்கு வாரம் இருமுறை நேரில் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, அலுவலகத்தில் "எம்.பி.சி.யில் எந்தப் பாடத்தில் இடம் காலி" என்று கேளுங்கள். இடஒதுக்கீடு பாடவாரியாக நடக்கிறது: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1 சதவீதம். ஒரு பாடத்தில் பொதுப் பட்டியல் மூடியிருந்தாலும் உங்கள் பிரிவில் திறந்திருக்கலாம்.

"தமிழ் எடுத்தால் என்ன வேலை" என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகள், யு.பி.எஸ்.சி. எல்லாம் ஏதேனும் ஒரு பட்டம் என்றுதான் கேட்கின்றன. இன்னொன்று: பிளஸ் டூவில் கணிதம் படித்தவர் எந்த இளநிலைப் பட்டம் வாங்கினாலும் பிறகு எம்.சி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். தம்பிக்குக் கம்ப்யூட்டர்தான் ஆசை என்றால் அந்தக் கதவு மூடவில்லை. விருப்பமில்லாத பாடத்தில் தள்ளுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கிடைக்காத பாடத்துக்காக ஓராண்டை வீணாக்க வேண்டாம் என்கிறேன்.

பொறியியல். எம்.பி.சி.க்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் சராசரி 40 சதவீதம் வேண்டும்; பொதுப் பிரிவுக்கு 45. தம்பியின் சராசரி 41.67, அதனால் தகுதி இருக்கிறது. கலந்தாய்வில் கடைசிச் சுற்றில் ஏதாவது ஒரு கல்லூரியும் கிடைக்கும். ஆனால் கடைசிச் சுற்று வரை இடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. சாய்ஸ் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். பிளஸ் டூ கணிதத்தில் 38 எடுத்தவர் முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுக்கி, அரியர் சேர்ந்து, நான்கு ஆண்டு முடிந்தும் பட்டம் இல்லாமல் நிற்பதுதான் இந்த வழியில் உள்ள பெரிய ஆபத்து. தம்பிக்கு இதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது உண்டு. அதில் வந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. மாநகராட்சிப் பள்ளி அரசுப் பள்ளிதான். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. உங்கள் தம்பி ஆறு முதல் எட்டு வரை மெட்ரிக் பள்ளியில் இருந்ததால் சாதாரணமாக வெளியே போய்விடுவான். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்த மெட்ரிக் பள்ளியில் அவன் கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் படித்திருந்தால் தகுதி உண்டு. அம்மாவிடம் கேளுங்கள்: எல்.கே.ஜி.யில் கட்டணம் கட்டினீர்களா, இல்லையா? கட்டவில்லை என்றால் பழைய பள்ளிக்குப் போய், இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்ததாகக் கையெழுத்தும் முத்திரையும் வைத்த சான்று வாங்குங்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் (பெண்களுக்குப் புதுமைப் பெண்) இந்த விவரம் தேவைப்படும். மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய். ஒரு நடை போய்வருவது வீணாகாது.

கையால் செய்யும் வேலையில் தம்பிக்கு நாட்டம் இருந்தால் பாலிடெக்னிக்கைத் தீவிரமாக யோசியுங்கள். பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; இரண்டே ஆண்டில் டிப்ளமோ. தரமணி மத்திய பாலிடெக்னிக் அரசுக் கல்லூரி. நல்ல மதிப்பெண் வந்தால் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரி. மொத்தம் ஐந்து ஆண்டு. நேராகப் போவதைவிட ஓராண்டு கூடுதல்தான், ஆனால் நடுவில் நின்றாலும் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும்.

சான்றிதழ்களைப் பற்றி. சாதி, வருமானம், முதல் பட்டதாரி, மூன்றும் இ-சேவை மையத்தில். முதலில் கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) எடுப்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். பழைய கையெழுத்து அட்டையாகச் சாதிச் சான்றிதழ் இருந்தால் இப்போதே ஆன்லைன் சான்றிதழாக மாற்றுங்கள். மனு போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். ரிசல்ட் வாரத்தில் நகரமே விண்ணப்பிப்பதால் தேங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். "கூடுதல் ஆவணம் தேவை" என்று திருப்பியிருந்தால் அதைக் கவனிக்காமல் விடும் மனு அப்படியே நிராகரிக்கப்படும்.

திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. குடும்ப அட்டையில் இறந்த அப்பாவின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். இறப்புச் சான்றிதழை இணைத்து, பெயரையும் நீக்கிவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கும்; பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருக்கும். இங்கே ஆதாரைத்தான் மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும், மாற்றிப் பிடித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். வருமானச் சான்றிதழில் மாதம் எட்டாயிரம் என்றால் ஆண்டுக்கு 96,000 என்று உள்ளபடி போடுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று எல்லோருடைய படிப்பு விவரமும் உறுதிமொழியோடு கேட்பார்கள். உங்கள் பத்தாம் வகுப்பு டி.சி.யையும் எடுத்துவையுங்கள். கலந்தாய்வு வழியே வரும் தொழிற்படிப்பில் இந்தச் சான்றிதழ் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் விட்டுவிடாதீர்கள். காலை ரெகுலர் பிரிவு உதவிபெறுவது, கட்டணம் குறைவு. மாலைப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி, கட்டணம் பல மடங்கு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்து டிக் செய்யுங்கள். இங்கே முதல்வரிடம் நேரில் ஒரு பக்கக் கடிதம் கொடுப்பது பலன் தரும், ஆனால் கெஞ்சும் கடிதம் வேலைக்காகாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "என் தந்தை இறந்துவிட்டார். தாயின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய், சான்றிதழ் இணைத்துள்ளேன். பதினொன்றாம் வகுப்பிலிருந்து தினமும் மாலை மளிகைக் கடையில் வேலை செய்துகொண்டு படித்தேன். தமிழில் 62, கணினி அறிவியலில் 61 பெற்றேன். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வருபவன் நான். பி.ஏ. தமிழ் காலைப் பிரிவில் இடம் தந்து உதவுமாறு வேண்டுகிறேன்." பள்ளித் தலைமையாசிரியர் அதன் கீழ் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. எந்தப் பாடம், எந்தப் பிரிவு என்று குறிப்பாகக் கேட்பது முக்கியம். "ஏதாவது சீட் கொடுங்கள்" என்ற கடிதத்தை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவருக்கே தெரியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் பலருக்குத் தெரியாது. இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவருக்கு இளநிலை இடம் கட்டணமில்லாமல் தருவது. தாய் தந்தை இல்லாதவர், கைம்பெண்ணின் பிள்ளை, முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர் ஆகியோருக்கு முன்னுரிமை. உங்கள் தம்பி இதில் இரண்டு வகையில் பொருந்துகிறான். ஆனால் ரிசல்ட் வந்து பதினைந்து நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அந்தப் பதினைந்து நாள் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. பரபரப்பில் ஓடிவிடும். முதல் வாரமே பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

ஒரு பாடத்தில் தவறியவர்களுக்கு: சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறினால் அதே ஆண்டு சேரலாம்; பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வே இருக்கிறது. மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றால் முதலில் விடைத்தாள் நகல், அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகே மறுமதிப்பீடு. நகல் கேட்காதவர் மறுமதிப்பீடு கேட்க முடியாது, அந்தத் தேதி ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும். எங்கே விண்ணப்பிப்பது என்றே புரியாதவர்கள் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணில் கேட்கலாம்.

கடைசியாக, பயத்தில் கட்டும் பணம். "இன்று கட்டினால்தான் சீட்" என்று சொல்லும் இடத்தில் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக மீதி முழுதும் திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பணம் கட்டிய ரசீது கல்லூரி பெயரில் இருக்க வேண்டும். தரகரின் ஜிபே எண்ணுக்குப் போன பணத்துக்கு இந்த விதி எதுவும் உதவாது.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே தம்பி பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அது ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். தமிழ்ப் புதல்வன் பணமும் உதவித்தொகையும் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததற்குப் போகும். மளிகைக் கடை வேலையை விட முடியாது என்றால் சேரும்போதே வகுப்பு நேரத்தைக் கேளுங்கள்; சில அரசுக் கல்லூரிகளில் காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்ட் உண்டு. முதல் செமஸ்டரில் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும், அதனால் கடை முதலாளியிடம் நேரத்தை ஜூன் மாதத்திலேயே பேசிவிடுங்கள்.